தாணுலிங்கம் பாடம்

"எசக்கி பிடிச்சிட்டான்!"

மேலே யாரோ கத்தினார்கள். வடத்தைச் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். தாணுலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த எண்ணெய்த் துணியைப் பிழிகிற பிழிவில் அது கிழிந்துவிடும் போலிருந்தது.

கத்தியது மொய்தீன். கொக்கியை மாட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு காலை எடுத்து வைக்கப் போயிருக்கிறான். சட்டென்று அடிவயிறு கழன்று விழுந்தது போலாகி, கை தானாகக் கொக்கிக்குப் போய்விட்டது. பிழைத்தான். இப்படிப் பிழைக்கிறபோதெல்லாம் அந்தக் கடல்மேடையில் சொல்லுகிற வார்த்தைதான் அது. எசக்கி பிடிச்சிட்டான். எசக்கியப்பன் அந்த நேரம் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மீன்குழம்பை வழித்துக்கொண்டிருப்பான். இருந்தால் என்ன? அவனுடைய பயம் எல்லோர் வயிற்றிலும் இருந்தது. தாணுலிங்கத்தின் வயிற்றிலும் இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

குமரிமுனைக்குத் தெற்கே நடுக்கடலில் நின்றது அந்த மேடை. அதிலிருந்து விண்வடம் நேரே வானத்துக்குப் போயிற்று. வடத்தைப் பற்றிக்கொண்டு ஏறுபெட்டிகள் மேல்நிலையத்துக்கும் மேடைக்கும் ஆட்களையும் சாமான்களையும் சுமந்து ஓடின. பெட்டிகளின் சக்கரத்தையும் தடைக்கட்டையையும் பார்த்துச் சரிசெய்ய இயந்திரங்களை விட்டுப் பார்த்தார்கள். உப்புக்காற்றில் அவை கண் அவிந்து போயின. கடைசியில் மனிதர்கள்தான் கயிற்றில் தொங்க வேண்டியிருந்தது.

முதலில் வந்தவர்கள் பயத்தில் செத்துப் பிழைத்தார்கள். பாதிப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் கரைக்கு ஓடிவிட்டார்கள். அப்புறம் படிப்பினைப்பொறி வந்தது. வேலை செய்கிறவர்கள் எல்லோரும் நெற்றியில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார்கள். ஒருவன் தவறு செய்தால், தவறுக்கு முன்னால் அவன் மனம் இருந்த இருப்பையும், தவறியபின் வயிற்றில் விழுந்த அதிர்ச்சியையும் அந்தப் பட்டை பிடித்து வைத்துக்கொள்ளும். பொறி இரண்டையும் ஒன்றாக முடிச்சுப்போட்டுப் பல மடங்கு பெரிதாக்கி, மறுநாள் காலை பாடக்கூடத்தில் மற்ற எல்லோர் மனதிலும் ஊற்றும். அதன்பிறகு அதே மனநிலை யாருக்கு எழுந்தாலும், தவறு நடப்பதற்கு முன்னாலேயே அந்த அதிர்ச்சி வந்து கையைப் பிடித்துவிடும். ஒருத்தன் விழுந்தால் போதும், ஊரே கற்றுக்கொள்ளும். விழுந்தால் எப்படி இருக்கும், விழுந்தவன் எப்படித் திரும்ப ஏறி வந்தான் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் பயமும் ஓடிப்போயிற்று.

பாடத்துக்கு விழுந்தவன் பெயரையே வைத்தார்கள். அவசரம், எசக்கியப்பன் பாடம். 'எத்தனையோ தடவை செஞ்சதுதானே' என்கிற மிதப்பு, எசக்கியப்பன் பாடம். தெரியாததைக் கேட்க வெட்கப்படுவது, எசக்கியப்பன் பாடம். வீட்டுச் சண்டையை நினைத்துக்கொண்டே வேலை பார்ப்பது, அதுவும் அந்தப் புண்ணியவான் பாடம்தான். இவ்வளவு தடவை கயிற்றில் தொங்கி அலறியவன், ஒவ்வொரு தடவையும் மேலே வந்து, "ஏயப்பா, செத்தேன்னு நெனச்சேன்" என்று சிரிப்பான். எல்லோரும் அவன் முதுகில் தட்டுவார்கள்.

தாணுலிங்கம் பெயரில் ஒரு பாடமும் இல்லை. அவர் தவறே செய்ததில்லை. ஒவ்வொரு கொக்கியையும் மாட்டுவார், இழுத்துப் பார்ப்பார், மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். பார்க்கிறவர்கள் அதைத் திறமை என்று நினைத்தார்கள். உண்மையில் அது பயம். கடலில் விழுகிற பயம் கூட இல்லை, நாலு பேர் முன்னால் தோற்றுப்போகிற பயம். இத்தனை வருடம் அந்தப் பயத்தைக் கட்டி மேய்த்ததற்கு மாலையும் மரியாதையும் ஒருநாள் வரும் என்று அவர் காத்திருந்தார்.

எசக்கியப்பன் வேறு யாரோ என்றால்கூட மனம் ஆறியிருக்கும். அவன் இவருக்குச் சகலை. இவர் மனைவி செண்பகத்தின் தங்கை ஆவுடையைக் கட்டியவன். இவர் சிபாரிசு செய்துதான் மேடைக்கே வந்தான்.

செண்பகம் கரையிலிருந்து முகப்பேசியில் வந்தாள்.

"ஆவுடை பேசினா. அவ மாப்பிள்ளை பாடத்தை ஆஸ்பத்திரி நர்ஸுமாருக்கெல்லாம் குடுக்கப் போறாவளாம். பெரிய பெரிய டாக்டரே கேட்டிருக்காவளாம். அவளுக்குத் தலை கால் புரியல."

"சந்தோசம்."

"நீங்களும் இத்தன வருசமா அங்கதான இருக்கிய?"

"ஏட்டி, நான் ஒரு தப்பும் பண்ணல."

"அதத்தான் நானும் சொல்லுதேன். ஒரே ஒரு தப்புகூடவா ஒங்களுக்குப் பண்ண வரல?"



அந்த வாரமே மேல்நிலையத்துக்குப் புதுத் தலைவர் போடப் போவதாகச் சேதி வந்தது. கிடைத்தால் குடும்பத்தோடு அங்கே போகலாம். ஜன்னலைத் திறந்தால் பூமிப் பந்து முழுசாகத் தெரியும். செண்பகம் அங்கிருந்து தங்கைக்குக் கையசைக்கலாம். தாணுலிங்கம் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பொறியைப் பார்த்துக்கொள்கிற குணவதி அம்மாவிடம் போனார். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவள் பேச்சுக்குத்தான் மதிப்பு.

"நீங்க ரொம்ப நல்ல வேலைக்காரர் சார்," என்றாள் குணவதி. "ஆனா தலைவர்னா அவர் பாடம் ஆளுங்க மனசுக்குள்ள இருக்கணும். அப்பதான் அவர் சொன்னா கேப்பாங்க. உங்ககிட்டருந்து இவங்க கத்துக்கிட்டது என்ன, சொல்லுங்க?"

"தப்பு பண்ணாம இருக்கிறத."

"அதை எப்படி சார் பதிவு பண்றது? அதுல ஒண்ணுமே இல்லையே."

ஒன்றுமே இல்லையே! திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த வார்த்தை காதுக்குள் குடைந்தது. எசக்கியப்பன் எதிரே வந்து, "அண்ணாச்சி, சாப்டாச்சா?" என்றான். அவன் பல்லைப் பார்க்கவே இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழுந்து விழுந்தே பெரிய மனுஷன் ஆகிவிட்டான், படுபாவி.

சரி, நாமும் ஒரு தவறு செய்துவிடுவோம் என்று தாணுலிங்கம் முடிவு செய்தார்.

அது நினைத்த மாதிரி லேசாக இல்லை. நல்ல தவறுகளையெல்லாம் எசக்கியப்பன் ஏற்கெனவே செய்து தீர்த்துவிட்டான். அவசரப்பட்டு ஒரு திருகாணியை விட்டுவிடலாம் என்று பார்த்தார். அவசரம் எழுந்ததுமே அடிவயிறு கழன்று விழுந்தது, கை திருகாணியை இறுக்கியது. எசக்கி பிடிச்சிட்டான். அசட்டையாகக் கயிற்றை விட்டுப் பார்த்தார். அதற்கும் பிடித்துவிட்டான். தவறு செய்யக்கூட அவனைத் தாண்டிப் போக முடியவில்லை. சொந்த வயிற்றுக்குள்ளேயே சகலை சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறானே, இந்த அநியாயத்தை யாரிடம் சொல்ல?

கடைசியில் எண்ணெய்த் துணி கண்ணில் பட்டது.

மேடையில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுபெட்டியைப் பிடித்து நிறுத்துகிற தடைக்கட்டையைத் துடைக்கப் போகிறவன் துணியை இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டு போவான். துடைத்து முடித்து, துணி மறுபடி மணிக்கட்டுக்கு வந்தபிறகுதான் மூடியைச் சாத்துவான். அதனால் துணியை யாரும் உள்ளே மறந்து வைத்ததில்லை. மறந்தால் என்ன ஆகும் என்று தாணுலிங்கம் கணக்குப் போட்டார். எண்ணெய் பட்ட கட்டை வழுக்கும். மேலே போகும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது பெட்டி கொஞ்ச தூரம் நழுவும். உடனே அவசரப்பற்கள் வடத்தைக் கவ்வி நிறுத்திவிடும். ஒரு கீறல், ஒரு சத்தம், அவ்வளவுதான். சாமான் ஏற்றிப் போகிற பெட்டி மத்தியானம் வெறும் பெட்டியாகத்தான் இறங்கும். ஆளுக்கு ஆபத்தில்லை.

பொறி மனதைப் படிக்கும் என்பதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. அதனால் மறதியைப் பழகினார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை நினைத்தார், சீட்டியடித்தார், செண்பகம் வாங்கிவரச் சொன்ன சாமான்களை மனதுக்குள் ஓட்டினார். நன்றாக மறந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, துணியைக் கட்டையின்மேல் வைத்து, மூடியைச் சாத்தினார்.

அடிவயிறு அசையவேயில்லை.

தாணுலிங்கத்துக்கு ஆனந்தம் தாங்கவில்லை. எசக்கி வராத ஓர் இடம்! அவன் இதுவரை ஒரு தடவைகூடக் கால்வைக்காத ஒரு மூலையைத் தாம் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தார். அது எந்த மூலை என்று நினைத்துப் பார்க்கவில்லை.

மத்தியானம் பெட்டி இறங்கிற்று. மேடைக்குச் சற்று உயரத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம் எழுந்து எல்லோரையும் நிமிர்ந்து பார்க்க வைத்தது. பெட்டி நழுவியது. கொஞ்ச தூரம் என்று அவர் போட்ட கணக்கு தப்பு. அது கல் மாதிரி விழுந்தது. அவசரப்பற்கள் கவ்விய வேகத்தில் மேடையே ஒரு குலுக்குக் குலுங்கியது. பெட்டி தலைக்கு மேலே தொங்கி ஆடியது. அதன் கண்ணாடியில் ஒரு முகம் ஒட்டிக்கொண்டிருந்தது. எசக்கியப்பன் முகம்.

தாணுலிங்கத்தின் வயிறு அப்போதுதான் விழுந்தது. இரவல் அதிர்ச்சி இல்லை, சொந்த அதிர்ச்சி.

ஏணி போட்டு அவனை இறக்கினார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. வலியில் முகம் வெளிறிப் போயிருந்தாலும் இவரைக் கண்டதும் அவன் சிரிக்கப் பார்த்தான்.

"நீ எப்படிடே இதுல வந்த?" என்றார் தாணுலிங்கம். "மேல்நிலையத்துக்குப் போனவன் சாயங்காலம்லா வரணும்?"

"ஒங்ககிட்ட ஒரு சேதி சொல்லணும்னு, நின்ன பெட்டில ஏறிட்டேன் அண்ணாச்சி. சந்தோசத்துல கால் தரிக்கல. மேல்நிலையத்துக்கு என்னைய தலைவராப் போடுதோம்னாவ. நான் மாட்டேன்னுட்டேன். எங்க அண்ணாச்சியப் போடுங்க, இங்க தப்பே பண்ணாத ஒரே ஆள் அவர்தான்னு சொல்லிட்டு வாரேன்."

தாணுலிங்கத்துக்கு அப்படியே கடலில் குதித்துவிடலாம் போலிருந்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அதற்கும் அடியில் இன்னொன்று முனகியது. இதையும் இவன்தான் எனக்குப் பிச்சை போட வேண்டுமா?

குணவதி அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். பட்டையில் பதிந்ததைப் பொறியில் ஓட்டிப் பார்த்திருந்தாள்.

"மறதின்னு சொன்னீங்க," என்றாள். "நானும் சலிச்சுச் சலிச்சுப் பாத்தேன் சார். மறதி ஒரு பொட்டு கூட இல்ல. மேலாக்க ஒரு பிரியாணி ஓடுது. அதுக்குக் கீழ பூரா ஒரே ஒரு சரக்குதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அம்மா, இதை வெளிய விட்டுறாதீங்க. என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. வேலையை விட்டே அனுப்புங்க."

"பாடம் குடுத்தவங்களத் தண்டிக்கிறதில்ல. அது முதல் நாள்லருந்து உள்ள விதி. தண்டிச்சா நாளைக்கு எல்லாரும் தப்ப ஒளிச்சு வைப்பாங்க. பாடத்த மூடி வைக்கவும் எனக்கு அதிகாரம் இல்ல."

"இது தப்பு இல்லம்மா. வேணும்னு செஞ்சது."

"தெரியும். ஆனா வேணும்னு செய்ய வச்சது எதுவோ, அதுதான் சார் தப்பு. அது யார்கிட்ட இல்ல?"

மறுநாள் காலை பாடக்கூடத்து வாசலில் தாணுலிங்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். பாடத்துக்கு உரியவன் உள்ளே போவதில்லை. ஒலிபெருக்கி அறிவித்தது: "தாணுலிங்கம் பாடம். முதலாவது." வெட்கத்தில் கூனிக் குறுகியிருந்த நேரத்திலும் அவருக்குக் காது குளிர்ந்தது. இன்னொரு தடவை சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

கதவு திறந்தது. காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தார். முதலில் வந்த மொய்தீனின் கண் கலங்கியிருந்தது.

"அண்ணாச்சி, இம்புட்டு எரிச்சலயும் வயித்துல வச்சுக்கிட்டா நீரு எங்ககூட உக்காந்து சோறு தின்னீரு?"

அவன் இவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனான். மற்றவர்களும் அப்படித்தான் போனார்கள். கடைசியில் தோளில் கட்டோடு எசக்கியப்பன் வந்தான். அவனும் பாடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என்னையப் பாத்து நானே எரிஞ்சேன் அண்ணாச்சி," என்றான் ஆச்சரியம் நீங்காமல். "என் மூஞ்சியே எனக்குப் பிடிக்கல. அந்தப் பல்லத் தட்டணும்போல வந்துச்சு. பெறவு தொபுக்கடீர்னு வயிறு விழுந்து, எல்லாம் போயிட்டு. எப்படித்தான் இத்தன வருசம் இதத் தாங்குனியளோ!"

அவன் நிஜமாகவே இவருக்காக வருத்தப்பட்டான். அதைத்தான் தாணுலிங்கத்தால் தாங்க முடியவில்லை.

அதன்பிறகு மேடையின் காற்றே மாறிவிட்டது. ஒருவன் புதுச் செருப்புப் போட்டு வந்தால் மற்றவனுக்குச் சுருக்கென்று ஒரு முள் எழும், எழுந்ததுமே அடிவயிறு கழன்று விழும், முள் போய்விடும். "தாணு பிடிச்சிட்டாரு!" என்று சிரிப்பார்கள். பதவி உயர்வுக்காக ஒருத்தன் இன்னொருத்தனைப் போட்டுக்கொடுப்பது நின்றது. இதைக் கேள்விப்பட்டுக் கரையிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தது. அலுவலகங்களுக்குப் பாடம் போயிற்று. பாட்டுக் கச்சேரிக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அண்ணன் தம்பிகள் சொத்துப் பிரிக்கப் போகும் முன்னால் தாணுலிங்கம் பாடம் போட்டுக்கொண்டு போனார்கள். திருஷ்டிப் பூசணிக்காய் வாங்க ஆளில்லை என்று காய்கறிக்காரர்கள் புலம்பினார்கள். எசக்கியின் ஆறேழு பாடமும் சேர்ந்து எட்டாத இடத்துக்கெல்லாம் இந்த ஒரு பாடம் எட்டிவிட்டது.

மேல்நிலையத் தலைவர் பதவி தாணுலிங்கத்துக்கே கிடைத்தது. ஒரு எதிர்ப்புக் குரலும் இல்லை. யாருக்கும் அவர்மேல் ஒன்றும் இல்லையே!

புதுச் சீருடையைப் போட்டுக்கொண்டு, தோள்பட்டைப் பித்தளை வில்லை தெரிகிற மாதிரி நின்று, செண்பகத்தை முகப்பேசியில் கூப்பிட்டார்.

"ஏட்டி, ஆவுடைகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ரொம்ப சந்தோசப்பட்டா."

"மூஞ்சி சுருங்கலையா?"

"ஏன் சுருங்கணும்? சிரிச்சா. நானும் நீங்களும் ஒண்ணா இருக்கலாம்லா, அதுக்குச் சிரிச்சா."

"நீ என்ன சொன்ன? எங்க வீட்டுக்காரரு அப்படி இப்படின்னு..."

"எனக்கு அப்படி ஒண்ணும் சொல்லத் தோணலையே," என்றாள் செண்பகம். "நாங்க ரெண்டு பேரும் போன வாரந்தான் ஒங்க பாடத்தப் போட்டுக்கிட்டோம். மனசு லேசா இருக்கு. நீங்க தலைவராகாட்டாலும் எனக்கு ஒண்ணும் இல்ல பாத்துக்கிடுங்க."

தாணுலிங்கம் முகப்பேசியை அணைத்துவிட்டு நின்றார். வாழ்நாள் முழுக்க எந்த ஒரு முகம் சுருங்குவதைப் பார்க்க ஏங்கினாரோ, அந்த முகத்தைத் தாமே இஸ்திரி போட்டு விரித்துவிட்டார்.

அன்றே குணவதியிடம் ஓடினார்.

"எனக்கும் அந்தப் பாடத்தப் போடுங்கம்மா."

"எதை?"

"என் பாடத்தத்தான். ஊர் உலகத்துக்கெல்லாம் போடுதிய. எனக்கு மட்டும் ஏன் இல்ல? இன்னும் எரியுதும்மா. எதைப் பாத்தாலும் எரியுது."

குணவதி கையிலிருந்த பட்டையைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு வேலை செய்யாது சார். அடுத்தவங்க அனுபவம் புதுசா வந்து விழுறதாலதான் உடம்பு துள்ளுது. உங்களோடதே உங்களுக்கு வந்தா, இது நம்ம வீட்டுச் சரக்குதானேன்னு உடம்பு சும்மா இருந்துரும். உங்க கையாலயே உங்க இடுப்புல கிச்சுக்கிச்சு மூட்டிப் பாருங்க, சிரிப்பு வருமா?"

"அப்போ எசக்கிக்கு எப்படிப் பாடம் வந்துச்சு? அவனுக்கும் பொறி அவன் பாடத்தப் போடலையே?"

"அவர் விழுந்தப்போ உண்மையாவே விழுந்தாரு. எல்லாரும் பாக்க விழுந்தேன்னு ஒத்துக்கிட்டாரு. அதனால அவருக்குப் பொறி தேவைப்படல." அவள் குரலில் குத்தலே இல்லை. அவளும் பாடம் போட்டுக்கொண்டவள்தான். "உங்களுக்குப் பழைய வழிதான் சார் இருக்கு. மெதுவா, நீங்களா கத்துக்கிறது."

புறப்படுகிற நாள் வந்தது. மேடையிலிருந்த எல்லோரும் கூடி நின்று கைதட்டினார்கள். தாணுலிங்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்காவது ஒரு கடுகளவு வயிற்றெரிச்சல் தெரியாதா என்று தேடினார். ஒரு முகத்திலும் இல்லை. எல்லா முகமும் குளிப்பாட்டிய குழந்தை முகம் மாதிரி இருந்தது. இவ்வளவு பெரிய பதவியைப் பார்த்துப் பொறாமைப்பட உலகத்தில் ஒரு நாதி இல்லை.

எசக்கியப்பன் நல்ல கையால் அவர் பெட்டியைத் தூக்கி ஏறுபெட்டிக்குள் வைத்தான். மூடியைத் திறந்து தடைக்கட்டையை ஒரு தடவை பார்த்து, சிரித்துக்கொண்டே சாத்தினான்.

"போயிட்டு வாங்க அண்ணாச்சி. முன்னெல்லாம் யாராவது மேல போனா, நான் சிரிச்சுக்கிட்டு நின்னாலும் உள்ள ஒரு ஓரத்துல லேசா கடிக்கும். இப்ப அதுவும் கிடையாது. ராத்திரி படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். எல்லாம் நீங்க குடுத்தது."

கதவு மூடிற்று. பெட்டி மெதுவாக ஏறத் தொடங்கியது. கீழே எசக்கியப்பன் அண்ணாந்து பார்த்துக் கையசைத்துக்கொண்டே நின்றான். கடலும் மேடையும் சிறிதாகிக்கொண்டே வந்தன, அவனும் சிறிதாகிக்கொண்டே போனான். இவ்வளவு உயரத்திலிருந்தும் அந்தச் சிரிப்பு தாணுலிங்கத்துக்குத் தெரிந்தது. தலைவர் நாற்காலி மேலே காத்திருந்தது. பெயர் ஊரெல்லாம் இருந்தது. எல்லாம் கிடைத்துவிட்டது.

அந்த நிம்மதியை மட்டும் அவன் தட்டிக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்தபோது அவருக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு எரிந்தது.